கல்லூரியும் தெருவும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'கும்பகோணத்தில் வாழ்தல்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கோயில்களையும் மகாமகக் குளத்தையும் எனக்கு முன் பேசியோர் பாடிவிட்டனர். வெற்றிலையையும் டிகிரி காப்பியையும் நம் கவிஞர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்! எஞ்சியிருப்பது கல்லூரிக்கும் தெருவுக்கும் உள்ள உறவு. அதனைப் பற்றியே சொல்ல விழைகிறேன்.

1854இல் தோன்றிய அரசினர் கல்லூரி காவிரிக் கரையில் நிற்கிறது. 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்னும் பெயரைச் சொல்லிச் சொல்லி நாம் மகிழ்வதுண்டு. ஆயினும் அக்கல்லூரியோடு சேர்த்து எண்ணப்படும் மிகப் பெரிய தமிழ்ப்பணி வகுப்பறையில் தொடங்கவில்லை. 1880இல் அங்கு ஆசிரியராய் அமர்ந்த உ.வே.சாமிநாதையரிடம், இவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என வினவினார். அந்தாதிகளும் கலம்பகங்களும் பிள்ளைத்தமிழும் கற்றுத் துறைபோகியவர்க்கு அந்நூல் புதிது. ஐயம் தீர்த்துக்கொள்ள இவ்வூர்ச் சமணர் இல்லம் ஒன்றிற்கு அவர் சென்றபோது, சிந்தாமணியைப் படித்து முடித்ததைக் கொண்டாடும் நாளாக அது அமைந்திருந்தது. எண்ணிப் பாருங்கள். கல்லூரி அறியாத காப்பியம் அதே ஊரில் ஒரு வீட்டில் ஓதப்பட்டு வந்திருக்கிறது! 1887இல் வெளிவந்த பதிப்பின் பெருமையில் அவ்வீட்டிற்கும் பங்குண்டு.

1904இல் உதவித்தொகையோடு அதே கல்லூரியில் சேர்ந்த இராமானுசன் பிற பாடங்களில் தேறாது அவ்வுதவியை இழந்தார். சாரங்கபாணி சன்னதித் தெருத் திண்ணையில் அவருடைய கணக்கு நிற்கவில்லை. 'காதுகள்' நாவலுக்காக 1993இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற எம்.வி.வெங்கட்ராம் சரிகை வணிகம் செய்தவர்.

இன்று நம் மாணவர் இவ்வூரில் மூன்றாண்டு பயில்கின்றனர். அவர்கள் காணும் ஊர் பெரும்பாலும் பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி வாயில்வரை நீளும் சாலையே. 'மோகமுள்' பாடம் நடத்திய ஆண்டில் என் மாணவியரைத் துக்காம்பாளையத் தெருவுக்கு நடத்தி அழைத்துச் சென்றேன். யமுனாவின் வீடு எது என்று ஒருத்தி கேட்டாள். தெருவில் நின்ற முதியவர் ஒருவர் நகைத்தார். திரும்பும் வழியில் பாத்திரக்கடையொன்றின் முன் நின்ற மற்றொருத்தி, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்ப்புக்குக் காவிரி வண்டலே ஏற்றது ஏன் என்று விளக்கலானாள். மண்ணின் நயம், அச்சு பிளவுபடாமை, உலோகத்தின் சூடு என அவள் அடுக்கியபோது வகுப்பு முழுதும் வாயடைத்து நின்றது. வார்ப்புப் பட்டறைக் குடும்பத்துப் பெண் அவள். கவிதையும் எழுதுகிறாள், பட்டறைச் சொற்கள் இயல்பாக வந்து விழும் நல்ல கவிதைகள். வண்டல் என்ற சொல் புதுக்கவிதையில் உவமையாகவே புழங்கிக் கண்டவள் நான். அவளுடைய வரிகளில் அது வெறும் மண்.

நம் வட்டத்தின் பெயர் அவளுக்குத் தெரியும். பத்தாண்டுகளாக நம் கூட்டம் மாலை ஆறரைக்கே தொடங்குகிறது. அவளோ இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டியவள். பெண்கள் வருவதில்லையே என்று ஆண்டறிக்கைதோறும் வருந்துகிறோம். வருந்துவதைவிட மணியை மாற்றுவது எளிது. ஒன்றுவிட்டு ஒரு மாதம் சனிக்கிழமை முற்பகலில் கூடலாம் என முன்மொழிகிறேன். தலைவர் இசைந்தால் முதற்கூட்டத்திற்கு அம்மாணவியை நானே அழைத்து வருகிறேன்.