எடை என்றால் எந்த எடை?

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையையே பேசிவந்த இவ்வவையில் கணிப்பொறி நிரலைப் பற்றிப் பேச இசைவு தந்தமைக்கு முதற்கண் என் நன்றி. பொருந்தாப் பொருளை எடுத்துக்கொண்டேன் என்று நான் கருதவில்லை. நிரல் எழுதுவோனுக்கு நாள்தோறும் வாய்க்கும் வேலை பெயர் சூட்டுவதே. எண்ணையோ சொல்லையோ இட்டுவைக்கும் கலத்தை 'மாறி' என்போம் (வல்லின றகரம்; மழையன்று). அதில் இடத்தக்கது எவ்வினத்தது என்பதை 'வகை' என்போம். மாறிக்கு என்ன பெயர் இடுவது, அப்பெயரிலேயே வகையும் விளங்க வேண்டுமா என்பவைதாம் இன்றைய என் பொருள். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். நிரலர்களிடையே ஓயாது நடக்கும் வழக்கும் ஏறக்குறைய அதுவே.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு நிரல் எழுதுவது என் பிழைப்பு. ஆகவே தோலிலிருந்தே தொடங்குகிறேன். குரோம் முறையில் பதனிடும்போது ஒரே தோல் மூன்று முறையேனும் தராசில் ஏறும். உப்பிட்டு வந்த பச்சைத் தோலாக ஒருமுறை. அவ்வெடையைக் கொண்டு ஊறவைப்பதற்கும் சுண்ணாம்பிடுவதற்கும் வேண்டிய அளவுகள் கணிக்கப்படும். மயிரும் சவ்வும் நீங்கிய சுண்ணாம்புத் தோலாக ஒருமுறை; தொழிலில் இதைப் 'பெல்ட் வெயிட்' என்பர். குரோம் உப்பின் அளவு இதன்மேல்தான் கணிக்கப்படும். வழக்கமான முறையில் நூற்றுக்கு 8 என்றால், 1000 கிலோ சுண்ணாம்புத் தோலுக்கு 80 கிலோ. குரோம் ஏறி 'வெட் ப்ளூ' ஆன பின்னர் இயந்திரத்தில் சீவித் தடிப்பைச் சமன்செய்து மூன்றாம் முறை நிறுப்பார்கள். சாயமும் எண்ணெயும் இதன்மேல் கணக்கு.

இனி நிரலுக்கு வருவோம். அதில் 'எடை' என்று ஒரு மாறி இருக்கிறது. எந்த எடை? பொறியைக் கேட்டால் மூன்றும் எண்கள்தாம், மூன்றும் கிலோதாம் என்று சொல்லிவிடும். உப்புத்தோல் எடையைச் சுண்ணாம்புத்தோல் எடையாக எடுத்துக் கணித்தாலும் அது மறுப்பின்றிக் கூட்டிப் பெருக்கித் தரும். விளைவு டிரம்மில்தான் தெரியும். குரோம் குறைந்தால் தோலின் நடுப்பகுதி பதப்படாது. கொதிநீர்ச் சோதனையில் துண்டு சுருங்கிவிடும். கூடினால் தோல் ஏற்காத மிச்சம் கழிவுநீரோடு போகும். அக்கழிவுநீரின் கதையைப் பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புரைக்க நேர்ந்ததே அதனால்தான். ஒரு பெயரின் தெளிவின்மை ஆற்றுவரை போகக்கூடும் என்று நான் சொன்னால் அது கவிஞர்களின் உயர்வு நவிற்சி ஆகாது.

இந்தச் சிக்கலை முன்பே கண்டவர் சார்லஸ் சிமோனி. புடாபெஸ்ட்டில் 1948இல் பிறந்து, அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வகத்திலும் 1981 முதல் மைக்ரோசாஃப்ட்டிலும் பணியாற்றியவர்; பின்னாளில் தம் சொந்தச் செலவில் இருமுறை விண்வெளிக்கும் சென்று மீண்டவர். மாறியின் பெயருக்கு முன்னால் அதன் இனத்தைக் காட்டும் ஓரிரு எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்றார் அவர். வரிசை எண்ணுக்கு ஒரு முன்னொட்டு, நிரல் எண்ணுக்கு வேறொன்று. இரண்டையும் கூட்டினால் தவறு கண்ணிலேயே உறுத்தும். இதற்கு 'ஹங்கேரிய முறை' என்று பெயர் வந்தது. ஹங்கேரியர் குடிப்பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் வைப்பவர்கள். நமக்கும் இது புதிதன்று. ஊரின் எழுத்து, தந்தையின் எழுத்து, பிறகுதானே நம் பெயர்?

சிமோனிக்கும் முந்திய வழக்கம் 1957இல் வந்த ஃபோர்ட்ரானில் உண்டு. ஐ முதல் என் வரையுள்ள ஆறு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழுவெண், ஏனையவை மெய்யெண். கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஜி'யில் தொடங்குவதால், மாற்றி அறிவிக்காதவரை கடவுள் மெய்யே என்று அந்நாளைய நிரலர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சிமோனியின் கருத்து பின்னால் திரிந்தது. பொருளின் இனத்தைச் சொல்ல வந்த முன்னொட்டு, பொறி எத்தனை பிட்டில் அதைச் சேமிக்கிறது என்பதைச் சொல்லத் தொடங்கிற்று. விண்டோஸில் 'டபிள்யூபேரம்' என்றொரு பெயர் உண்டு. முன்னுள்ள டபிள்யூ 16 பிட் அளவைக் குறித்தது. 32 பிட் விண்டோஸ் வந்தபோது அளவு மாறிற்று. பெயரை மாற்ற இயலவில்லை. இதை நம்மூரார்க்கு விளக்குவது எளிது. ஆம்பூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது; வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டமாயிற்று; வேலூர் மாவட்டமாயிற்று; 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஊர் ஓரடியும் நகரவில்லை. பழைய பெயர்ப்பலகைகள் மட்டும் பொய்யாயின. ஆளும் அலுவலகத்தைப் பெயரில் சேர்த்தால் இதுதான் நேரும். பாலாற்றங்கரை ஆம்பூர் என்று எழுதியிருந்தால் பலகை இன்றும் மெய்யாகவே நின்றிருக்கும். மைக்ரோசாஃப்ட்டும் பின்னர் டாட் நெட் வழிகாட்டு நெறிகளில் ஹங்கேரிய முறையை வேண்டாமென்றது. திரிந்ததை விலக்கியது சரி. சிமோனி முதலில் சொன்னதையும் சேர்த்து விலக்கியது முறையன்று என்பது என் துணிபு.

இதைத் தமிழில் செய்ய முடியுமா? முடியும். 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு தமிழெழுத்தில் மாறிப் பெயரை ஏற்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியிலோ கட்டளைச் சொற்களே தமிழ். ஆனால் இங்கே நம் இலக்கணம் குறுக்கே நிற்கிறது. ஆங்கிலத்தில் இரு சொற்களை ஒட்டினால் இரண்டாவதன் முதலெழுத்தைப் பெரிதாக்கி எல்லை காட்டுவர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லை. புணர்ச்சி உண்டு. தோலும் எடையும் சேர்ந்தால் 'தோலெடை'. நிரல் முழுதும் 'எடை' எங்கெங்கே வருகிறது என்று தேடினால் இச்சொல் அகப்படாது. எகரம் லகரத்துக்குள் ஒளிந்துகொண்டது. ஒற்று மிகுவதும் அப்படியே. 'உப்புத்தோல்' என்று ஒருவரும் 'உப்புதோல்' என்று மற்றவரும் எழுதினால் பைத்தானுக்கு அவை இரண்டு கலங்கள். ஒன்றில் இட்ட எண் மற்றதற்குத் தெரியாது. சில வேளை எச்சரிக்கையும் வராது. சந்திப்பிழை பொறுக்காத நம் புலவர்கள் மகிழலாம்.

ஆகவே நான் சீர் பிரிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் பிரிக்கிறேன்: உப்புத்தோல்_எடை, சுண்ணாம்புத்தோல்_எடை, சீவியதோல்_எடை. கோட்டுக்கு இப்பால் புணர்ச்சி. கோட்டைத் தாண்டிப் புணர்ச்சி இல்லை.

ஒரு பெயர் மட்டும் இன்னும் தீரவில்லை. 'வெட் ப்ளூ'வை 'ஈரநீலத்தோல்' என்று எழுதிப் பார்த்தேன். காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. டிரம் அருகே நிற்பவரிடம் அச்சொல்லைச் சொன்னால் எந்தத் தோல் என்று கேட்கிறார். இப்போதைக்கு வெட்ப்ளூ_எடை என்றே வைத்திருக்கிறேன். இதனினும் நல்ல பெயரை, டிரம் அருகே நிற்பவரும் கேட்டவுடன் அறியும் பெயரை, இவ்வவையில் எவரேனும் தந்தால் நாளைக் காலையே மாற்றிவிடுகிறேன்.