யந்திரம் போட்ட மார்க்கு

(மாணவர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



பரீட்சை மார்க்கைப் பற்றி நான் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டீர்கள். நான் பரீட்சையில் பேரெடுத்தவனல்ல. ஆனாலும் மார்க்குப் போடுகிறவர்களைக் கேள்வி கேட்பதற்கு மார்க்கு வாங்கியிருக்க வேண்டுமென்ற நிபந்தனை ஒன்றுமில்லை.

ஒரு காரியம் எப்படி நடந்ததென்று விளங்காவிட்டால் நம் ஜனங்கள் அதற்குத் தலையெழுத்து என்று பேர் வைத்து வாயை மூடிக்கொள்வார்கள். எழுதினவன் யார், எதைப் பார்த்து எழுதினான், தப்பாக எழுதியிருந்தால் யாரிடம் முறையிடுவது என்று கேட்கமாட்டார்கள். இப்போது அந்த இடத்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள். “கம்ப்யூட்டர் போட்டது, தப்பு வராது” என்கிறார்கள். இது எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை என்பதற்கு, 2020-ம் ஆண்டில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் நடந்தவைகளே போதுமான அத்தாட்சியாகும்.

அவ்வாண்டு கொரோனா நோயினால் பரீட்சைகள் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிப்பவர்கள் எழுதுவது ‘ஏ லெவல்’ பரீட்சை. அதில் வரும் கிரேடைக் கொண்டுதான் சர்வகலாசாலையில் இடம். பரீட்சை இல்லாததால், பிள்ளைகளுக்கு என்ன கிரேடு வந்திருக்கும் என்று உபாத்தியாயர்களே மதிப்பிட்டு, யார் முதல், யார் கடைசி என்று வரிசையும் எழுதி அனுப்பினார்கள். உபாத்தியாயர்கள் தாராளமாகப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, ‘ஆஃப்குவால்’ என்ற பரீட்சைக் கண்காணிப்பு ஸ்தாபனம் ஒரு கணக்கு முறையை ஏற்படுத்திற்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் முந்தின மூன்று ஆண்டுகளில் என்ன கிரேடுகள் வந்தனவோ, அதை ஆதாரமாக வைத்து இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரிசைப்படி பங்கு போடுவதுதான் அதன் சாராம்சம்.

இதன் அர்த்தம் என்ன? முன்பு யாரும் உயர்ந்த கிரேடு வாங்காத பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி படித்தால், அவளுக்கும் அது கிடைப்பது துர்லபம். அவள் செய்த குற்றமென்ன? அவளுக்கு முன்னால் படித்தவர்கள் குறைவாக வாங்கினதுதான்! பாட்டன் எந்தத் தெருவில் இருந்தான் என்று பார்த்துப் பேரனுக்கு யோக்கியதை கற்பிப்பதை நன்றாக அறிந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்காமற் போகாது.

இன்னும் கேளுங்கள். ஒரு பாடத்தை 5 பேரோ அதற்குக் குறைவாகவோ படித்தால் உபாத்தியாயர் போட்டதையே ஒப்புக்கொள்வது என்று விதி. அப்படிப்பட்ட சிறு வகுப்புகள் எங்கே அதிகம்? பணம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடங்களில்தான். ஆகஸ்டு 13-ந் தேதி முடிவு வந்தது. உபாத்தியாயர்கள் போட்ட கிரேடுகளில் சுமார் 39 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தது. பணக்காரப் பள்ளிகளிலோ ‘ஏ’யும் அதற்கு மேலும் வாங்கினவர்களின் விகிதம் முந்தின ஆண்டைவிட 4.7 புள்ளி ஏறியிருந்தது. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நாலே நாளில், 17-ந் தேதி, சர்க்கார் அந்தக் கணக்கைக் கைவிட்டு உபாத்தியாயர் மதிப்பீட்டையே ஏற்றுக்கொண்டது. இங்கே யந்திரத்தின்மீது குற்றமில்லை. அது சொன்னதைச் செய்தது. சொன்னவர்களின் விதியே அநீதியானது.

நிற்க, அயர்லாந்துக்கு வருவோம். அங்கே ‘லீவிங் சர்டிபிகேட்’ என்பது கடைசிப் பரீட்சை. மேல்நிலைப் பாடத்தில் 90-க்கு மேல் வாங்கினால் 100 புள்ளி. 80-க்கு மேல் வாங்கினால் 88 புள்ளி. சிறந்த ஆறு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டினால் 600. மேல்நிலைக் கணக்கில் தேறினவர்களுக்கு 25 அதிகம். இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் ‘சி.ஏ.ஓ.’ என்ற பொது ஸ்தாபனம் இடங்களைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒரு பாடத்தில் முதல் கிரேடிலிருந்து ஒரு கிரேடு இறங்கினால் 12 புள்ளி போய்விடும்; டாக்டராக வேண்டியவனுக்கு அதோடு வாசல் அடைபட்டாலும் படும்.

இங்கிலாந்துக்காரர்கள் பட்ட அவமானத்தைக் கண்டு, அயர்லாந்து சர்க்கார் பள்ளிக்கூடத்தின் பழைய சரித்திரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. நல்ல காரியம். வகுப்பின் தரத்தை அறிவதற்கு, அந்தப் பிள்ளைகள் முன்பு கீழ்ப் பரீட்சையில் வாங்கினதைப் பார்த்தார்கள். ஐரிஷ், இங்கிலீஷ், கணக்கு ஆகிய மூன்றோடு, ஒவ்வொருவருடைய மிகச் சிறந்த இரண்டு பாடங்களைச் சேர்க்க வேண்டுமென்பது விதி. சாப்ட்வேர் செய்ததென்ன? மிக மோசமான இரண்டு பாடங்களைச் சேர்த்துவிட்டது! போதாக்குறைக்கு, சேர்க்கவே கூடாத குடிமைப் பாடத்தையும் சேர்த்துவிட்டது. விதி ஒழுங்கானதுதான், எழுதின உத்தரவு வரி தலைகீழாயிருந்தது.

செப்டம்பர் 7-ந் தேதி முடிவு வெளியாயிற்று. 11-ந் தேதி இடங்களும் கொடுத்தாயிற்று. அதன் பிறகு, செப்டம்பர் 30-ந் தேதிதான் கல்வி மந்திரி தவறை வெளியிட்டார். சுமார் 6,100 பேருக்குக் கிரேடு உயர்த்த வேண்டியிருந்தது. சில நூறு பேருக்கு வேறு நல்ல இடம் கிடைத்திருக்க வேண்டுமென்று பிறகு தெரிந்தது. தவறுதலாக அதிகம் பெற்றவர்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. தப்பை ஒப்புக்கொண்டு திருத்தினது யோக்கியமான காரியம் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த 6,100 பேரில் ஒருவனாவது இதைத் தானே கண்டுபிடித்திருக்க முடியுமா? முறையீடு செய்தாலும், பள்ளிக்கூடம் அனுப்பினது ஒழுங்காக ஏறிற்றா என்று பார்ப்பார்களே தவிர, கணக்கு முறையைக் கேள்வி கேட்க இடமில்லை. தவறு இருக்குமிடத்தில் முறையீட்டுக்கு இடமில்லையென்றால், அந்த முறையீட்டின் பெயரென்ன?

யந்திரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மனிதன் திருத்தினாலும் தூக்கத்தில் கூட்டலைத் தப்பாகப் போடுவான். வேண்டியவனுக்கு இரண்டு சேர்த்தும் போடுவான். ஆனால் அவன் தப்பு ஒரு கட்டுத் தாளோடு நிற்கும். யந்திரத்தின் தப்போ ஒரே வரியில் தேசம் முழுவதும் பரவும். ஆகவே மூன்று காரியம் கேட்க வேண்டும். விதியை முன்கூட்டியே எல்லோரும் அறிய வெளியிட வேண்டும். எழுதின உத்தரவு வரிகளை, எழுதினவர்களல்லாத வெளியார் முடிவுக்கு முன்னாலேயே சோதிக்க வேண்டும், பின்னால் அல்ல. குறைந்த மார்க்கு வாங்கினவன் “ஏன்?” என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு மனிதன் இருக்க வேண்டும்.

எந்த மார்க்கும் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒரு மனிதன் எழுதின உத்தரவுதான் அது. எழுதினவன் மனிதனானால் கேட்கிறவனும் மனிதனே. நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் புத்தியைக் கொண்டு சோதித்துப் பார்த்துச் சரியென்று பட்டதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.