மச்சத்துக்கும் ஓர் எண்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், விலங்கியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"உங்க வேலையைப் பத்தியே பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று செயலாளர் சொன்னார். என் வேலை மெடிக்கல் கோடிங். இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர், "கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறியா?" என்கிறார்கள். மீதிப் பேர், "எந்த ஆஸ்பத்திரி?" என்கிறார்கள். இரண்டும் இல்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பைப் படித்து, அதிலுள்ள நோய்க்கும் செய்த சிகிச்சைக்கும் உரிய எண்களைப் போடுவதுதான் கோடிங். அந்த எண்களைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் தருகிறது. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. ஆகவே நான் பார்க்கும் ஒரே ஒரு பிரிவை எடுத்துக்கொள்கிறேன். தோலில் வரும் மச்சம், மரு, சாதாரணக் கட்டிகள். "இதுல என்ன பெரிய விஷயம்?" என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

நோய்களை வகைப்படுத்துவது நம் துறைக்குப் புதிதல்ல. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸ், 1763-இல் நோய்களையும் வகை பிரித்து 'ஜெனரா மார்போரம்' என்று ஒரு நூல் வெளியிட்டார். 1893-இல் பிரான்சின் ழாக் பெர்ட்டியோன் இறப்புக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் தந்தார். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. அதன் வழிவந்ததுதான் ஐ.சி.டி. என்ற இன்றைய நோய்ப் பட்டியல். இதன் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் பில் போடுவது 10-ஆம் பதிப்பின் அமெரிக்க வடிவத்தை வைத்துத்தான். 2015 அக்டோபர் 1 அன்று அதற்கு மாறினார்கள். அதற்கு முன் சுமார் 14,000 நோய் எண்கள் இருந்தன. மாறியபோது அவை ஏறத்தாழ 70,000 ஆயின.

இனி தோலுக்கு வருவோம். மச்சம் என்றால் டி22. மச்சம் அல்லாத, தீங்கற்ற தோல் கட்டிகள் பல டி23. கொழுப்புக் கட்டி டி17. இவை மூன்றும் கட்டிகளுக்கான அத்தியாயத்தில் வரும். கழுத்தில் சின்னதாகத் தொங்கும் சதைக்கு எல்91.8, அது தோல் நோய்கள் அத்தியாயம். வைரஸால் வரும் மருவோ பி07. அது தொற்றுநோய்களோடு சேரும். நம் வீட்டுப் பெரியவர்கள் கன்னத்தில் மிளகு தூவியதுபோல் கறுப்பாகச் சின்னச் சின்னதாக வருமே, அதற்கும் எண் உண்டு, எல்82. கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால் குடும்பம் வேறு, பேரினம் வேறு. இதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து இடம். உடம்பின் நடுப்பகுதியில், அதாவது மார்பிலோ முதுகிலோ மச்சம் என்றால் டி22.5. வலது கையில் என்றால் டி22.61, இடது கையில் டி22.62. கண்ணிமையில் என்றால் மேல் இமையா, கீழ் இமையா என்றுகூட 2018 அக்டோபரிலிருந்து கேட்கிறார்கள்.

இதுவரை சொன்னது புத்தகத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும். கஷ்டம் எங்கே என்றால், டாக்டருக்கே இன்னும் தெரியாதபோது என்ன எழுதுவது என்பதில்தான்.

கட்டிகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. அதில் ஆறு பத்திகள். முதல் மூன்றும் புற்றுநோய்: தோன்றிய இடத்துப் புற்று, வேறிடத்திலிருந்து பரவி வந்த புற்று, மேலடுக்கைத் தாண்டாத புற்று. நான்காவது தீங்கற்றது. ஐந்தாவது 'போக்கு நிச்சயமற்றது', தோலுக்கு டி48.5. ஆறாவது 'போக்கு குறிப்பிடப்படாதது', டி49.2. கடைசி இரண்டும் கேட்க ஒன்று போலவே இருக்கும். அர்த்தம் வேறு. ஐந்தாவது பத்தி, நோய்க்குறியியல் நிபுணர் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகும், இது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை என்று ரிப்போர்ட் கொடுத்தால் மட்டும். ஆறாவது, இன்னும் எதுவும் முடிவாகாதபோது. ஒன்று பார்த்தும் தெரியாதது. மற்றது பார்க்காததால் தெரியாதது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பெண்ணின் முதுகில் நிறம் மாறிய மச்சம். டாக்டர் அதை வெட்டி எடுத்து, "மெலனோமாவாக இருக்கலாம்" என்று எழுதிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். மெலனோமா கொடிய புற்றுநோய். ஆனால் வெளிநோயாளிக் குறிப்பில் 'இருக்கலாம்', 'சந்தேகம்' என்று எழுதியதை நோய் என்று கோடிங் செய்யக் கூடாது என்பது விதி. அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்பான்: "சார், டாக்டரே சந்தேகம்னுதான எழுதியிருக்காரு? 'நிச்சயமற்றது'ன்னு டி48.5 போட்டா என்ன தப்பு?" தப்புதான் தம்பி. சந்தேகப்பட்டவர் வெட்டியவர், திசுவைப் பார்த்தவர் இன்னும் வாயே திறக்கவில்லை. ரிப்போர்ட் வரும்வரை அந்தக் கணக்கை நிறுத்தி வைப்பதுதான் நல்லது. உடனே அனுப்பியே ஆக வேண்டும், டாக்டர் 'கட்டி' என்று எழுதியும் இருக்கிறார் என்றால் டி49.2. நாலு நாள் கழித்து 'சாதாரண மச்சம்' என்று ரிப்போர்ட் வந்தால் டி22.5, அவ்வளவுதான்.

அவசரப்பட்டுப் போட்டால் என்ன ஆகும்? அந்த எண் அந்தப் பெண்ணின் பதிவேட்டில் உட்கார்ந்துகொள்ளும். நாளை அவர் ஆயுள் இன்சூரன்ஸ் எடுக்கப் போனால் அது முன்னால் வந்து நிற்கலாம். அடுத்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தால் அவருக்கு அன்றிரவு தூக்கம் வருமா? நாம் இங்கே ஒரு நொடியில் தட்டியது அது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அழகுக்காக மட்டும் மருவை எடுத்தால் அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பணம் தராது. ரத்தம் வந்தது, அரித்தது, துணி உரசிப் புண்ணானது என்றால் நிலைமை வேறு. அழற்சி உள்ளதற்கு எல்82.0, இல்லாததற்கு எல்82.1. டாக்டர் எழுதாத அழற்சியை நாமாகச் சேர்த்தால் அது பொய்க் கணக்கு. அரசை ஏமாற்றும் பில்களுக்கென்று அங்கே 1863-லிருந்தே சட்டம் இருக்கிறது. அதே சமயம், "உரசி ரத்தம் வருகிறது" என்று டாக்டர் குறிப்பின் மூலையில் எழுதியிருந்து, வேகத்தில் நாம் அதைப் படிக்காமல் விட்டால், அந்தக் கிழவி தன் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியிருக்கும். கூடுதலாகவும் எழுதக் கூடாது, குறைவாகவும் எழுதக் கூடாது. புரியாவிட்டால் டாக்டரிடமே கேட்க வேண்டும். அதற்கென்று முறை இருக்கிறது. கேட்கும்போதும், "அழற்சிதானே?" என்று பதிலை நாமே வாயில் ஊட்டக் கூடாது.

தம்பி தங்கைகளுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. இந்த வேலையில் தினம் இத்தனை சார்ட் என்று இலக்கு உண்டு. நெருக்கடி இருக்கும், இரவு ஷிஃப்ட்டும் வரலாம். தேன் தடவிச் சொல்ல நான் தயாரில்லை. "பணம் கட்டு, வேலை நிச்சயம்" என்கிற விளம்பரத்தைப் பார்த்ததும் ஓடாதீர்கள். உடற்கூறியலை ஒழுங்காகப் படியுங்கள். டாக்டர் எழுதும் ஆங்கிலத்தை வரி விடாமல் படிக்கப் பழகுங்கள். எளிய சார்ட்டுகளுக்கு இப்போது கம்ப்யூட்டரே எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. ஆனால், "இது இன்னும் தெரியவில்லை, கேட்டுவிட்டுப் போடுகிறேன்" என்று நிறுத்துவதற்கு ஒரு மனிதர் வேண்டும். நம் ஆய்வகத்தில், இனம் தெரியாத பூச்சியின் சீட்டில் பெயரை ஊகித்து எழுதாமல் காலியாக விடச் சொன்னார்களே, அந்தப் பயிற்சி எனக்கு இன்றுவரை சோறு போடுகிறது.

துறைத் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். மூன்றாமாண்டு மாணவர்களுக்கு வருடத்தில் இரண்டு சனிக்கிழமை ஒதுக்கித் தந்தால், பெயர் நீக்கிய மாதிரிக் குறிப்புகளோடு நானும், இதே தொழிலில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் சிலரும் வந்து சொல்லித் தரத் தயார். கட்டணம் ஒன்றும் வேண்டாம், கேன்டீன் டீ போதும்.