கையொப்பம் யாருடையது?

(சென்னையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு, பேச்சின் போக்கு மாறாதவாறு எழுத்தில் தரப்பெறுகிறது.)

நூலெழுதியவன் என்ற முறையில், படிப்போரை நேரிற்கண்ட பட்டறிவைச் சொல்லுமாறு தலைவர் பணித்தார். கடைத்தெருவிலும் அடுக்களையிலும் நாம் எண்ணிப் பாராமல் வழங்கும் அயற்சொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் திரட்டி ஒரு சிறுநூல் எழுதினேன். 140 பக்கம், விலை 120 உருபா. பதிப்பாளர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூர், தியாகராயநகர், அடையாறு ஆகிய மூன்றிடங்களில் நான் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒழுங்கு செய்தார். துண்டறிக்கையில் 'ஆசிரியர் சுற்றுப்பயணம்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஒருநாட் பேருந்துச் சீட்டுக்குள் அடங்கக்கூடிய பயணத்தைச் சுற்றுப்பயணம் என்பது சற்றே மிகை. ஆயினும் அம்மூன்று கிழமைகளில் நான் கற்றது, முப்பதாண்டு வகுப்பறையிற் கற்றதினும் குறைவன்று.

முதல் ஞாயிறு மயிலாப்பூர். வள்ளுவர் பிறந்த ஊர் என்று வழிவழி வழங்குவது. அவர்க்குக் கோயிலும் அங்குண்டு. குளக்கரைக்கு அண்மையில் ஒரு பள்ளியின் கூடத்தில் நாற்பது நாற்காலிகள் இட்டிருந்தனர். பதினெண்மர் வந்தனர், அவருள் நால்வர் மழைக்கு ஒதுங்கியோர். முதியவர் ஒருவர் எழுந்து, "மயிலை சீனி. வேங்கடசாமியார் நடந்த தெருக்களுக்கு வந்திருக்கிறீர். அவரைப்பற்றி நாலு சொல் சொல்லிவிட்டு உம் நூலுக்கு வாரும்" என்றார். சொன்னேன். பள்ளியாசிரியராக இருந்துகொண்டே 1936-இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940-இல் 'பௌத்தமும் தமிழும்' என்று எழுதத் தொடங்கி, 1980-இல் மறையும்வரை ஓயாதவர் அவர். மறைந்துபோன தமிழ்நூல்களின் பெயர்களையெல்லாம் தேடித் திரட்டி நூலாக்கியவரை அவர் பிறந்த ஊரிலேயே நினைவூட்ட ஒரு கிழவர் வேண்டியிருக்கிறது. என் மாணவரிடம் நானும் அவர் பெயரை எத்தனை முறை சொல்லியிருப்பேன்? அந்தக் கணக்கைப் பார்க்க நாணினேன்.

பின்னர்க் கையொப்பம். வரிசையில் ஐந்தாவதாக ஒரு சிறுமி நின்றாள். பன்னிரண்டு அகவை இருக்கும். தந்தை பின்னே நின்றார். நூலை விரித்து நீட்டி, "என் பெயரும் எழுதிக் கொடுங்க தாத்தா" என்றாள். பெயரைச் சொன்னாள். அதில் வடவெழுத்து இரண்டு. அப்பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இப்பொழிவை அச்சிடுவோர்க்குத் தொல்லை.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கி வருக என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. கம்பர் அந்நெறி நின்றுதான் இலக்குவன் என்றும் வீடணன் என்றும் எழுதினார். நானும் அச்சிறுமியின் பெயரை அவ்வாறே தமிழாக்கி, அழகாகவே எழுதி, கீழே ஒப்பமிட்டுக் கொடுத்தேன். அவள் பார்த்தாள். "இது என் பெயர் இல்லையே" என்றாள். சினந்து சொல்லவில்லை, ஒரு பொருளை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்து, உள்ளே வேறொன்று இருக்கக் கண்டவள் போலச் சொன்னாள். நான் வாய்திறந்து இலக்கணம் சொல்லத் தொடங்கினேன். பன்னிரண்டு அகவைச் சிறுமியிடம், பின்னே பதின்மர் நிற்க, எச்சவியல்! அவள் தலையாட்டிக் கேட்டாள். பின் நூலை மெல்ல மூடி மேசைமேல் வைத்துவிட்டுத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். 120 உருபா கொடுத்தாயிற்று. நூல் என்னிடமே தங்கிவிட்டது.

இலக்குவனைக் கேட்டுக்கொண்டா கம்பர் எழுத்தை மாற்றினார் என்று அன்றிரவு என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் இலக்குவன் கம்பர்முன் நூலை நீட்டிக்கொண்டு நிற்கவில்லையே!

இரண்டாம் ஞாயிறு தியாகராயநகர். சர் பிட்டி தியாகராயர் பெயரால் அமைந்த நகர். பாவேந்தர் தம் இறுதியாண்டுகளில் இராமன் தெருவிற் குடியிருந்த நகர். இன்று அந்நகரில் ஒரு தமிழ்ப்பலகையைக் காண்பதற்குப் பத்து ஆங்கிலப் பலகைகளைக் கடக்கவேண்டும். கடைக்காரர் மாடிப்படியின் கீழே எனக்கொரு மேசை போட்டுத் தந்தார். படியில் ஏறுவோர் காலடி ஒவ்வொன்றும் என் தலைமேல் விழுந்தது. ஒரு மணிநேரம் யாரும் வரவில்லை. சிலர் என்னைப் பணம் பெறுபவர் என்றெண்ணி வேறு நூல்களை நீட்டினர். அவற்றுள் ஒன்று சமையல் நூல். அதிற் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

நண்பகலில் ஒரு பெண் வந்தார். அரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையிற் புடைவைப் பிரிவில் வேலை; நெல்லைப் பக்கத்துப் பேச்சு. உணவு இடைவேளை அரைமணிநேரம். அதில் உண்ணாமல் வந்திருக்கிறார். நூலை முன்பே வாங்கிப் படித்து, தாள் துண்டுகளை அங்கங்கே செருகி வைத்திருந்தார். முதற்றுண்டைப் பிரித்து, "ஐயா, பார்டர் என்பதற்கு 'ஓரப்பட்டை' என்று எழுதியிருக்கிறீர்களே, கரை என்ற சொல்லை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்றார்.

அவையோரே, எனக்கு வியர்த்தது. கரைவேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் நான்! அடுத்த துண்டு: பல்லு என்பதற்கு நான் படைத்த ஐந்தெழுத்துச் சொல். "எங்கள் ஊரில் முந்தி. காஞ்சிபுரத்தார் சரக்கு கொண்டுவரும்போது தலைப்பு என்பார்கள்." இப்படி ஏழு துண்டுகள். ஏழிலும் மக்கள் வாயில் உயிரோடு இருந்த சொல்லை விட்டுவிட்டு, அகரமுதலிகளை உருட்டி நான் ஒரு சொல்லை ஆக்கியிருந்தேன்.

"இச்சொற்களைக் கடையில் வழங்குகிறீர்களா?" என்று கேட்டேன். சிறிது தயங்கி, "ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் அம்மாமாரிடம் கரை என்போம். நகரத்தார் வந்தால் பார்டர் என்போம். கரை என்றால் நம்மைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்று" என்றார். தனித்தமிழ் இயக்கம் எதை எதிர்த்துத் தோன்றியதோ அதை அந்த அம்மையார் ஒரு தொடரிற் சொல்லிவிட்டார். சொல் சாகவில்லை, வாய்க்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதை வெளியே அழைப்பதை விட்டுவிட்டு நான் அதற்கு மாற்றாள் தேடியிருக்கிறேன். அவர் நூலில் அவ்வேழு இடங்களையும் என் கையாலேயே திருத்திக்கொடுத்தேன். அடுத்த பதிப்பில் அத்திருத்தங்கள் வரும்.

மூன்றாம் ஞாயிறு அடையாறு. ஆனால் அதற்கு முந்திய கிழமையில் ஒருநாள் பெசன்ட் நகரிலுள்ள உ.வே. சாமிநாதையர் நூலகத்துக்குப் போயிருந்தேன். வேறொரு வேலையாகத்தான் போனேன். ஓலைச்சுவடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கையில் கையொப்பம் என்னும் சொல்லே என்னைப் பிடித்துக்கொண்டது.

நூலிற் கையொப்பமிடுவது மேலைநாட்டார் வழக்கம் என்று நம்மவர் பலர் எண்ணுகிறோம். அச்சேறிய தமிழ் நூலுலகில் கையொப்பம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. நூல் வெளிவருமுன்பே, இன்ன நூல் வந்தால் இத்தனை படி வாங்கிக்கொள்வேன் என்று ஒப்பிப் படிப்போர் இடுவதே கையொப்பம். சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டது அவ்வாறுதான். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப்பணி. விடுமுறையிற் சென்னைக்கு வந்து அச்சுப்பணி. இடையிடையே அன்பர் வீடுகளுக்கு நடந்து கையொப்பம் வாங்கும் பணி. ஆசிரியன் தூவலை நீட்டுவான், படிப்பவர் ஒப்பமிடுவார். அந்த ஒப்பத்தை நம்பித்தான் தாள் வாங்கினார்கள், அச்சுக் கோத்தார்கள்.

எல்லார்க்கும் அது வாய்க்கவில்லை. சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராய் இருந்த ஆ. சிங்காரவேலர் 'அபிதான சிந்தாமணி' எழுதிவிட்டு அதை அச்சேற்ற வழியின்றி அலைந்தார். பாண்டித்துரையார் கைகொடுத்தபின்பே 1910-இல் அது வெளிவந்தது. பாரதியார் 1920-இல் தம் எழுத்துகளை 40 நூலாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 படி, ஆக நான்கு இலக்கம் படி அச்சிட விரும்பிப் பொருளுதவி கேட்டு எழுதினார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல விற்கும் என்று நம்பினார். கேட்டவர் கொடுக்கவில்லை, மறு ஆண்டே அவர் இல்லை. நம் காலத்துக்கு வந்தால், மொழிஞாயிறு பாவாணரின் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்குத் தென்மொழி படித்தோர் திங்கள்தோறும் தம் சிறு வருவாயிற் பிரித்து அனுப்பினர். அரசு 1974-இல் தனி இயக்ககம் அமைப்பதற்கு முன்பே அப்பணியைத் தாங்கியவர்கள் அவர்கள். முதல் மடலம் 1985-இல் வந்தது. பாவாணர் அதைக் காணாமலே 1981 சனவரியில் மதுரையிற் கண்மூடினார். ஆனால் அவருக்கு உதவிய கைகள் யாருடையவை? பெயர் தெரியாத படிப்போர் கைகள்.

அந்த நூலகத்திலிருந்து வெளியே வந்தபோது முடிவு செய்துகொண்டேன்: அடையாற்றில் நான் யார் பெயரையும் எழுதுவதில்லை. தூவலை அவர்கள் கையிற் கொடுப்பது. "உங்கள் பெயரை நீங்கள் எழுதுங்கள், அதன் கீழே என் பெயரை நான் எழுதுகிறேன்."

அவ்வாறே செய்தேன். ஒரு கிளை நூலகத்தின் படிப்பறை. முப்பதின்மருக்கு மேல் வந்தனர். நான் எதிர்பாராதது அங்கே நடந்தது. தூவலைப் பெற்றவருட் பாதிப்பேர் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதினர். தமிழ்ச்சொல் நூலின் முதற்பக்கத்தில், தமிழ்நாட்டின் தலைநகரில்! சிலர் எழுதியபின் நூலின் அட்டையைப் பார்த்துத் தாமே நாணி, அருகே தமிழிலும் எழுதினர். கல்லூரி மாணவர் ஒருவர் தூவலை வாங்கி நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயரில் ழகரம் உண்டு, நல்ல தமிழ்ப்பெயர். தாய்தந்தையர் விரும்பி வைத்திருக்கவேண்டும். "ஐயா, பள்ளி முடித்தபின் தமிழில் எழுதவே இல்லை. ழ வருமா, ள வருமா?" என்று தாழ்ந்த குரலிற் கேட்டார். தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. அவர் அதற்குப் பின் படித்தவர்தாம். சட்டம் எழுத்தைக் கற்பித்தது. எழுதுவதற்கு ஒரு வேலையைக் கொடுக்கவில்லை. ஒரு தாளில் அவர் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துப் பார்த்து நூலில் எழுதினார். அதன் கீழே ஒப்பமிட என் கை சற்று நடுங்கியது. அவரைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. முதற் சம்பளப் பதிவேட்டில் நானே ஆங்கிலத்தில் ஒப்பமிட்டவன்தான். தமிழில் மாற்றிக்கொள்ள நான்காண்டு ஆயிற்று.

ஒரு மூதாட்டியார் தம் முழுப்பெயரை வடவெழுத்தோடு எழுதிவிட்டு, என்ன நினைத்தாரோ, அடைப்புக்குறிக்குள் 'பட்டு' என்று சேர்த்தார். "வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்" என்றார். அதன்பின் வந்தோரிடம் நானே வீட்டுப்பெயரைக் கேட்கத் தொடங்கினேன். தங்கம், கண்ணு, பாப்பா, சின்னத்தம்பி. பதிவேட்டிற் பெயர் எதுவாயினும், அடுக்களையிலிருந்து தாய் கூப்பிடும் பெயர் தமிழாகவே இருக்கிறது. மயிலாப்பூர்ச் சிறுமியிடம் இதைக் கேட்டிருக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

திரும்பும்போது பேருந்தில் நம் இயக்கத்துத் தம்பி ஒருவர் என்னோடு வந்தார். முகம் வாடியிருந்தது. "ஐயா, தளர்ந்துவிட்டீர்கள். வடவெழுத்தில் எழுதிய பெயருக்குக் கீழே நீங்கள் ஒப்பமிட்டால், அந்த எழுத்துக்கும் சேர்த்தல்லவா ஒப்பமிடுகிறீர்கள்?" என்றார். சரியான கேள்வி. இங்குள்ளோருள்ளும் சிலர் அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர்க்குச் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்கிறேன். என் தூவல் வடவெழுத்தை எழுதாது; இனியும் எழுதாது. ஆனால் வேதாசலம் மறைமலை ஆனது பிறர் திருத்தியதாலா? சூரியநாராயணர் தம் பாத்தொகைக்குப் பரிதிமாற்கலைஞர் என்ற பெயரை இட்டுக்கொண்டது யாரேனும் அவர் கையைப் பிடித்து எழுதியதாலா? தம் பெயரைத் தாமே மாற்றியவர்கள் அவர்கள். அதனால்தான் அப்பெயர்கள் நின்றன. அச்சிறுமியின் பெயரை நான் மாற்றினேன். அது ஒரு மணித்துளிகூட நிற்கவில்லை. தம்பி ஒப்பவில்லை. சைதாப்பேட்டை வரையில் வாதாடினார். அவர் இறங்கவேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிவிட்டார். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இப்போதும் ஒப்பவில்லை என்று அவர் தலையாட்டலே சொல்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்த நூல் இன்னும் என் பையிலேயே இருக்கிறது. அப்பள்ளியிற் கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை. மயிலாப்பூரிலிருந்து வந்தோர் இவ்வவையில் இருந்தால், நிகழ்ச்சி முடிந்தபின் என்னைப் பாருங்கள். அப்பெயரை உங்கள் காதிற் சொல்கிறேன். அவளுக்கென வேறொரு படி கொண்டுவந்திருக்கிறேன். முதற்பக்கத்தின் அடியில் ஒப்பமிட்டிருக்கிறேன். மேலே அவள் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறேன்.