வள்ளமும் அதன் காவலும்

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் போர்த்துக்கேய மொழியில் பெரிய கடவை எனப் பொருள்படும். களனி கங்கையைக் கடக்கும் துறை இங்கே இருந்தமையால் அப்பெயர் வாய்த்தது. 1822ஆம் ஆண்டிலே ஓடங்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேற் பலகை பரப்பி, ஆங்கிலேயர் இவ்விடத்தில் ஒரு பாலம் சமைத்தனர். 1895இல் விக்டோரியாப் பாலம் எழும்வரை அது பயன்பட்டு வந்தது. அந்த ஓடப்பாலம் மறைந்துபோயினும், கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்தில் மீனவர் வள்ளங்கள் இன்றும் நிற்கின்றன. இழுவண்டியில் ஏற்றி வீட்டு முற்றத்தில் நிறுத்தப்படும் கண்ணாடியிழை வள்ளங்களும் உள.

இவற்றுக்குக் கள்வரால் நேரும் இடரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கள்வன் பெரும்பாலும் வள்ளத்தை நாடுவதில்லை. அதன் பின்புறத்தே பூட்டிய இயந்திரத்தையே நாடுகிறான். 15 குதிரைவலு இயந்திரம் ஒன்று ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ளது. இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் இருவர் அதனைச் சில நிமிடங்களிற் சுமந்து சென்றுவிடுவர். என்னிடம் கற்ற மாணாக்கன் ஒருவன் திடீரெனப் பாடசாலைக்கு வராதொழிந்தான். விசாரித்தபோது, தந்தையின் இயந்திரம் களவு போயிற்று என்றும், அதற்குப் பெற்ற கடன் மாத்திரம் போகவில்லை என்றும் அறிந்தேன். பதினைந்து வயதுப் பையன் மீன் கூடை சுமக்கப் போய்விட்டான்.

அவ்விரு திருகாணிகளின் கைப்பிடிகளையும் சேர்த்து மூடும் குழாய்ப்பூட்டு ஒன்றுண்டு. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடின் அதன் விலை அற்பமே. இழுவண்டிக்கோவெனில், முன்முனையிலுள்ள கொளுவிக்கு ஒரு பூட்டும், சக்கரத்தையும் சட்டத்தையும் ஊடுருவிச் செல்லும் தடித்த சங்கிலி ஒன்றும் வேண்டும். சங்கிலி நிலத்திற் கிடக்கலாகாது. கிடந்தால் நிலமே கள்வனுக்குப் பட்டடைக்கல் ஆகிவிடும். அதனை உயர்த்தி, சுவரிற் பதித்த வளையத்தோடு இறுகப் பிணைக்கவேண்டும். கயிற்றினாற் கட்டிவிட்டு உறங்கச் செல்வோரும் உளர். அவர்களுக்கு யான் சொல்லக்கூடியது யாதுமில்லை.

ஆயினும் எந்தப் பூட்டையும் உடைக்கலாம். உடைத்தெடுத்த பொருளை விற்க இயலாதபடி செய்வதே மேலான காவல் என்பது என் கருத்து. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி மீன்பிடி வள்ளங்கள் கடற்றொழில் திணைக்களத்திற் பதிவு செய்யப்படல் வேண்டும். அவ்விலக்கம் வள்ளத்தில் யாவரும் காண எழுதப்பட்டிருக்கும். இயந்திரத்துக்கும் தொடரிலக்கம் உண்டு. ஆனால் அது பொறித்த தகட்டைக் கள்வன் பெயர்த்தெறிவான். ஆகவே அவ்விலக்கத்தையே வெளித்தெரியாத வேறோரிடத்தில் உளியினாற் பொறித்து, அவ்விடத்தைப் புகைப்படமெடுத்து, பற்றுச்சீட்டோடு வீட்டில் வைத்திருங்கள். பொலிசாரிடம் முறையிடும்போது, "நீல நிறப் பழைய இயந்திரம்" என்று கூறுவதனால் ஆவதென்ன? இலக்கத்தைக் கூறினாற்றான் தேடமுடியும்.

வாங்குவோரையும் விட்டுவிடுவதற்கில்லை. பற்றுச்சீட்டின்றிப் பாதி விலைக்கு இயந்திரம் வருமெனின், அது எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் உள்ளூர அறிவார். அவர் இல்லையேற் கள்வனுக்குச் சந்தை இல்லை.

இன்னுமொன்று. 2016 மே மாதத்திற் கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியபோது, வீட்டுக் கூரைகளில் நின்றோரை வள்ளங்களே மீட்டன. அத்தகைய வேளையில், மூன்று பூட்டுகளோடு முற்றத்திற் கிடக்கும் வள்ளத்தினால் யாருக்கு என்ன பயன்? எனவே சாவிகளை ஒரே வளையத்திற் கோத்து, வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்த ஓரிடத்தில், தரையினின்றும் உயரமாக மாட்டி வையுங்கள். நம்பிக்கையான அயலவர் ஒருவரிடம் மற்றொரு தொகுதி இருக்கட்டும். நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் ஏறுகிறது என்ற செய்தி வந்ததும், முதலில் இழுவண்டியின் சங்கிலியைக் கழற்றிவிடுங்கள்.