பெயர்ப்பலகையும் நினைவும்



இன்று நாம் கூடியுள்ள பிரிக்பீல்ட்ஸ், செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற இடம். சூளைகள் மறைந்தன, பெயர் நிலைத்தது. இத்தகைய பெயர்களைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர் அயர்லாந்து நாடகாசிரியர் பிரையன் ஃபிரீல் (1929-2015). அவரும் டெரி நகரில் பத்தாண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றியவரே.

1980இல் டெரியில் அரங்கேறிய அவருடைய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகம், 1833இல் ஐரிஷ் மொழி பேசும் சிற்றூரொன்றின் பள்ளியில் நிகழ்கிறது. நில அளவைக்கு வந்த பிரிட்டிஷ் படையினர் ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்குகின்றனர். அங்கே ஒரு நாற்சந்தி, ஒரு கிணற்றின் பெயரால் வழங்குகிறது. கிணறோ வற்றிப்போயிற்று, பெயரும் சிதைந்துவிட்டது. பாட்டனார் சொல்லக் கேட்ட ஓர் இளைஞனுக்கு மட்டுமே அதன் கதை தெரியும். ஊராருக்கே தெரியாத பெயரைக் காப்பதால் என்ன பயன் என்று அவன் கேட்கிறான். அதைக் காக்க விரும்புபவரோ ஆங்கிலேய அதிகாரி! மறதி வெளியிலிருந்து மட்டும் வருவதன்று என்பதை ஃபிரீல் இவ்வாறு உணர்த்துகிறார்.

இவ்வினா நமக்கும் உரியது. சீஃபீல்ட் தோட்டம் இன்று சுபாங் ஜெயா நகரமாகிவிட்டது. பால்மரமும் லயமும் பெரட்டுக்களமும் அங்கு இல்லை. ஆயினும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் இன்றும் உள்ளது. ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ், கிள்ளானில் ஹைலண்ட்ஸ் பள்ளிகளும் தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. இவை ஆங்கிலேயர் இட்ட பெயர்கள். பல தோட்டங்களுக்கு நம் முன்னோர் தமிழில் வழங்கிய பெயர்கள் வேறு. அவை வரைபடத்தில் ஏறவில்லை. முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன.

பழமையை எண்ணி அழுவதை ஃபிரீல் தீர்வாகக் கூறவில்லை. புதிய பெயர்களைக் கற்று, அவற்றையும் நமக்குரிய இல்லமாக்க வேண்டும் என்றே நாடகத்தின் முதிய ஆசிரியர் இறுதியில் உணர்கிறார். ஃபிரீலும் இந்நாடகத்தை ஆங்கிலத்திலேயே எழுதினார். நாமும் பெயர்ப்பலகைகளை மாற்றவேண்டியதில்லை. அவற்றின் பின்னுள்ள கதையை அறிந்தால் போதும்.

ஆசிரியர்களே, இவ்வாரக் கட்டுரைக்கு இதனையே பொருளாக அளியுங்கள். மாணவர்களே, தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: தாங்கள் வாழ்ந்த தோட்டத்தைத் தமிழில் எப்பெயரால் அழைத்தார்கள்? அப்பெயர் ஏன் வந்தது? அவர்கள் கூறுவதை, கூறியவாறே எழுதி வையுங்கள். தோட்டத்தில் பிறந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய காலம் இதுவே.