பொது வழி
(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் இளைஞர்கள் சார்பில் ஆற்றிய உரை)



யூபிலி என்றால் என்ன என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதுவார்கள். கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். கடனுக்கு அடிமையானவன் தன் வீட்டுக்குப் போவான். சப்பரமும் வாணவேடிக்கையும் நாம் பின்னால் சேர்த்துக்கொண்டவை. ஆகவே நிலம், வழி, பிழைப்பு என்பவற்றைப் பற்றி இந்த மேடையில் பேசினால் அது அரசியல் பேச்சு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

சட்டசபைக்குப் போன ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் இரட்டைமலை சீனிவாசன். செங்கற்பட்டுச் சீமையில், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். 1893-இல் 'பறையன்' என்று தம் சாதிப் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை நடத்தினார். எந்தப் பெயரைச் சொல்லி இகழ்ந்தார்களோ, அதே பெயரை அச்சிட்டுத் தெருவில் விற்றார். அந்தத் துணிச்சலை என்னென்பது! அக்காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்க விடாதபோது அந்த உத்தியோகம் யார் வீட்டுக்குப் போகும் என்று இவர் கேட்டார். 3412 பேர் கையொப்பமிட்ட எதிர் மனு இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் போயிற்று. அதன் நீளம் 112 அடி என்பார்கள். அவர் கேட்டது சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். கதவு திறந்தால் மட்டும் போதாது, அதுவரை நடந்துவர வழியும் வேண்டும் என்ற அவர் எண்ணத்தை மறுக்க முடியாது.

1923-இல் அவர் சென்னை சட்டசபையில் நியமன உறுப்பினரானார். 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம். அவ்வளவுதான் அதன் சாரம். நடக்க அனுமதி கேட்டு ஒரு மனிதர் சட்டசபையில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது! அரசு ஏற்றுக்கொண்டு அதே செப்டம்பரில் ஆணையும் பிறப்பித்தது.

ஆணை வந்தது, வழி வந்ததா? நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குற்றாலத்தையே பாருங்கள். 1934 ஜனவரியில் காந்தியடிகள் அங்கே வந்தார். அருவிக்குப் போகும் வழி அரிசனங்களுக்கு அடைபட்டிருந்தது என்று அறிந்து, நீராடாமலே திரும்பினார். மலையிலிருந்து இலவசமாக விழும் தண்ணீர்! ஆணை பிறந்து ஒன்பது ஆண்டு கடந்தும் அந்த நிலைதான். தடுத்தவனுக்குத் தண்டனை இல்லாத ஆணை அது. அந்தக் குறையைத் தீர்க்க மற்றொரு சட்டசபை உறுப்பினரான எம். சி. ராஜா முனைந்தார். அவர் கொண்டுவந்த மசோதா 1938-இல் சட்டமாயிற்று. அந்தச் சட்டம் தடுத்தலைக் குற்றமாக்கியது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மன்னர் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது. ஆகவே 1936-இல் மன்னர் பிரகடனத்தால் அந்தப் பக்கத்து அரசுக் கோயில்கள் எல்லோருக்கும் திறந்தன. தென்காசிப் பக்கத்தில் 1939 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நடுவில் சில மைல் தூரம்தான்.

இதைக் கேட்டு, அது இந்துக் கோயில் சங்கதி என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. இதே நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை நம்மில் பலர் தரிசித்திருக்கிறோம். அது ஒரு பீடத்திலிருந்து இரண்டு கிளையாகப் பிரியும் கோயில். ஒரு கிளையில் ஒரு சாதியார், மறு கிளையில் இன்னொரு சாதியார். எந்தச் சாதி எந்தப் பக்கம் என்பது இந்த விழாவில் வேண்டாம். ஒரே நற்கருணையை வாங்க இரண்டு மண்டபம் கட்டினார்கள் என்பதே போதும். 1910 வாக்கில் தடுப்பை எடுத்தபோது, எடுத்தது தவறு என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க முடியாது என்றே தீர்ப்பாயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். சீனிவாசன் 'எந்த வகுப்பினரும்' என்றார். நடப்பவனின் மதம் என்ன என்று அந்தத் தீர்மானம் கேட்கவில்லை. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையோ கேட்டது. பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் வெளியிலேயே நின்றார்கள். ஒரே தெரு, ஒரே தொழில், ஊரார் பார்வையில் ஒரே இழிவு. அண்ணன் பட்டியல் சாதி. ஞானஸ்நானம் பெற்ற தம்பி, தமிழ்நாட்டு அரசின் பட்டியலில் பிற்படுத்தப்பட்டோர். வேலை ஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இரண்டிலும் அந்த ஒரு காகிதம் பேசுகிறது. நம்மைச் சுற்றியுள்ள வாசுதேவநல்லூரும் சங்கரன்கோவிலும் தனித் தொகுதிகள். அண்ணன் அங்கே வேட்பாளராக நிற்கலாம். தம்பி ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது.

2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் அந்தத் தகுதி வழங்க மைய அரசைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. நல்ல காரியம். ஆனால் 1924-இன் கதை நமக்குத் தெரியும். தீர்மானம் ஒரு படி; அதன்மேல் ஏற யாராவது தொடர்ந்து நச்சரிக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிற எந்தக் கட்சிக்காரரிடமும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று.

சென்னையிலும் தில்லியிலும் நடக்க வேண்டியது நடக்கட்டும். இங்கே நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். பீடி சுற்றும் நம் தாய்மார்களில் அடையாள அட்டை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லையென்றால் பிள்ளைகளின் படிப்பு உதவிக்கு மனுப்போட முடியாது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதத் தெரியாமல், தாலுகா அலுவலக வாசலில் காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்களும் உண்டு. யூபிலி நினைவாக, வரும் ஞாயிறு முதல் இரண்டாம் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கப்போகிறோம். பங்கு மக்கள் என்றில்லை, பக்கத்துத் தெரு இசுலாமியத் தாய்மார்களும் வரலாம். வரும்போது ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள். கையெழுத்து நன்றாக உள்ள பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அனுப்பிவையுங்கள்.